குடிலில் மேய்ந்த மாடு

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி வேண்டுமென்று பிலோமினா டிசம்பர் பிறந்ததுமே தட்டில் ராகி விதைத்திருந்தாள். சமையலுக்கும் துவையலுக்கும் நடுவே தண்ணீர் தெளித்துத் தெளித்து வளர்த்த பயிர். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால் பாதித் தட்டு மொட்டையாகக் கிடந்தது.

"எந்தக் கழுதை பிடுங்குச்சு?" என்று கத்தினாள்.

மூன்று வயது மகள் ஜெனிட்டா குடிலில் நின்ற மண் மாட்டைக் காட்டினாள். "மாடு தின்னுபோட்டுச்சுங்கம்மா."

மாட்டின் வாயில் ராகிப் பயிர் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. பிலோமினாவுக்கு வசவு தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள், மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அவள் கணவன் சூசை குனிந்து மாட்டைப் பார்த்தான்.

"தின்னது சரி கண்ணு. தண்ணி காட்டுனயா?"

குழந்தை பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"எல்லாம் நீங்க குடுக்கற செல்லமுங்க!" என்று பிலோமினா அவன்மேல் பாய்ந்தாள்.

ஜெனிட்டா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தாள். மாட்டின் வாயருகே நீட்டி, "குடிச்சுக்க சாமி, எஞ்சாமியல்ல" என்று கெஞ்சினாள். பிலோமினா அவளுக்குச் சோறூட்டுகிற அதே குரல்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி குடில் பார்க்க வந்தாள். "ஏனுங்க, இந்தப் பக்கம் புல்லு முளைக்கலீங்களா?"

"முளைச்சுதுங்க," என்றாள் பிலோமினா. "மாடு மேஞ்சுபோட்டுதுங்க."