அந்த இரண்டாவது ரன்

தொபீரென்று எழுந்த சத்தத்தில், உப்பளத்தில் குனிந்திருந்த ஆறு தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. வரப்பின் மேல் ஓடி வந்துகொண்டிருந்த மொபெட்டைக் காணோம். அதன் பின்சக்கரம் மட்டும் வாய்க்கால் தண்ணீருக்கு மேலே விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முழங்கால் ஆழ உப்புத் தண்ணீரில் பாலகுரு நின்றிருந்தான். உடம்பில் புது வேட்டி, புதுச் சட்டை. இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். தட்டில் தப்பியது ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தேங்காயும்தான். வெற்றிலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வாய்க்காலோடு மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"ஹிட் விக்கெட்டு," என்றார் அவர்களில் ஒருவரான குழந்தைசாமி.

நான்கு பேர் சிரித்தார்கள். ஆறாவது ஆள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நீளக் கம்பு மாட்டிய மரப்பலகையால் பாத்தியில் விளைந்திருந்த உப்பை மறுபடியும் இழுக்க ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்க்கத்தான் பாலகுரு வந்திருந்தான். அவன் பெண்டாட்டி மலர்கொடியின் அண்ணன், தட்சணாமூர்த்தி.

நாளைக் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பாலகுருவின் மகள் இலக்கியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மலர்கொடிக்குக் கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். அவள் மூன்று முறை போனில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும், "வேலை இருக்குது மலரு" என்ற ஒரே பதில். இன்று விடிந்ததும் தட்டைக் கொண்டுவந்து புருஷன் கையில் வைத்துவிட்டாள்.

"நீங்க நேர்ல போய்க் கூப்பிட்டாத்தான் அண்ணன் வரும். தப்பு என்மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"என்மேல தப்பு இல்லையே மலரு."

"இல்லாமலே போவட்டுங்க. சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? அண்ணன் உயிரோட இருக்கறப்ப, எம் பொண்ணு எவன் மடியிலயோ உக்காந்து அழணுமா?"

அதற்கு மேல் எந்தப் புருஷனால் வாதாட முடியும்? மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த தன் பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான். வரப்பில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை என்பது மட்டும் விழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

விஷயம் நான்கு வருஷத்துக்கு முந்தையது. பெரிய முதலியார்சாவடியில் நடந்த டென்னிஸ் பால் போட்டியின் ஃபைனல். கடைசி இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். எதிர்முனையில் தட்சணாமூர்த்தி ஐம்பத்தெட்டு ரன்னோடு நிற்கிறார். எத்தனையோ ஆட்டத்தைக் கடைசி ஓவரில் ஜெயித்துக் கொடுத்தவர். பந்தைச் சந்தித்தவன் பாலகுரு. ஓங்கி அடித்தான். பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போயிற்று. அவசரமாக ஒரு ரன் ஓடி முடித்தார்கள். இனி ஒரே பந்து, இரண்டு ரன். அதைச் சந்திக்கப்போவது தட்சணாமூர்த்தி. ஊரே கொண்டாடத் தயாராகிவிட்டது.

அந்த நேரத்தில்தான், இல்லாத இரண்டாவது ரன்னுக்குத் தட்சணாமூர்த்தி ஓடி வந்தார். பாலகுரு தன் இடத்தை விட்டு நகரவில்லை. கையை நீட்டி "வேணாம் மச்சான்" என்று கத்தினான். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவர் பாதிப் பிட்ச்சைத் தாண்டி வந்துவிட்டார். பின்னால் ஸ்டம்பு பறந்தது. கடைசி ஆளாக இறங்கிய சதீஷ் கடைசிப் பந்தில் காற்றைத்தான் அடித்தான். கோப்பை போயிற்று.

தட்சணாமூர்த்தி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்டை வண்டியில் போட்டுவிட்டுப் போனவர், அதற்கப்புறம் அதைத் தொடவும் இல்லை, தங்கை வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. பேசாதவருக்குப் பதில் ஊர் பேசியது. மச்சான் ரெண்டு ரன் கூப்பிட்டாராம், இவன் மரம் மாதிரி நின்னுட்டானாம். பாலகுருவுக்கு 'ரன் அவுட்டு' என்று பெயர் வந்தது. பஞ்சர் ஒட்ட வருகிற லாரிக்காரன்கூட, "ரன் அவுட்டு கடை எங்கப்பா?" என்று விசாரித்துக்கொண்டு வந்தான்.

குழந்தைசாமியும் இன்னொரு ஆளும் சேர்ந்து மொபெட்டை மேலே ஏற்றினார்கள்.

"ரன் அவுட்டு, வண்டியையாவது ஒழுங்கா ஓட்டக்கூடாதா?"

"போ மாமா," என்று வேட்டியைப் பிழிந்துகொண்டே பாத்திக்கரைக்கு வந்தான் பாலகுரு. தட்டை நீட்டியபடி நின்றான்.

"மச்சான்."

பலகை உப்பை இழுத்தது.

"நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து."

பலகை இன்னொரு முறை இழுத்தது. வெள்ளை வெளேரென்று உப்பு கரையோரம் குவிந்தது. அவர் முதுகில் வியர்வை கோடு போட்டிருந்தது. முன்பைவிட இளைத்திருந்தார்.  வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை பாலகுருவுக்கு வாயில் வரவில்லை. செய்யாத தப்பைச் செய்ததாகச் சொல்வது லேசான காரியமா என்ன?

குழந்தைசாமிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. குறும்புக்காரர்தான், ஆனால் மனசு நல்ல மனசு. பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

"ஏம்பா பாலு, டீக்கடையில சதீஷ் இன்னா சொல்றான் தெரியுமா? பெவன்லாம் ஒரு ஆளே இல்லையாம். தோனி கால் தூசிக்கு ஆவமாட்டானாம்."

பலகை ஒரு நொடி நின்றது.

பாலகுரு அதைக் கவனித்தான். மலர்கொடியைக் கட்டின புதிதில், மாமனார் வீட்டில் சோறு ஆறுகிற வரைக்கும் மச்சானும் மாப்பிள்ளையும் போட்ட சண்டை இந்தச் சண்டைதான். ஒரு நாள் போட்டியைக் கடைசியில் முடித்துக் கொடுப்பதில் மன்னன் யார், ஆஸ்திரேலியாவின் பெவனா நம் தோனியா? 'இதுங்களுக்குச் சோறு போடறதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு மைக் குடுக்கலாம்' என்று மலர்கொடி தலையில் அடித்துக்கொள்வாள்.

"சதீஷ் சொன்னது சரிதான் மாமா," என்றான் பாலகுரு. "பெவன் ஆவரேஜ் ஐம்பதுகூட இல்ல."

வேண்டுமென்றே சொன்ன பொய். தூண்டிலைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐம்பத்தி மூணு."

குனிந்த தலை நிமிராமலேதான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. நான்கு வருஷத்தில் மச்சான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஐம்பத்தி மூணே இருக்கட்டும் மச்சான். ஸ்ட்ரைக் ரேட்டு எழுபத்தி நாலுதானே? தோனி எண்பத்தி ஏழு."

"அந்தக் காலத்துல முந்நூறு அடிச்சா மலை. இப்ப முந்நூறு அடிச்சா ஐயோ பத்தாதேன்றான். ரெண்டையும் ஒரே தராசுல வைப்பியா?" தட்சணாமூர்த்தி நிமிர்ந்துவிட்டார். "சிட்னியில, புது வருஷத்து அன்னைக்கு, முப்பத்தெட்டு ரன்னுக்கு ஆறு விக்கெட் போயிடுச்சு. எதுக்க வெஸ்ட் இண்டீஸ். அங்கேருந்து தூக்கினான். கடைசி பால்ல நாலு வேணும், பௌலர் தலைக்கு நேரா அடிச்சான் பாரு ஃபோரு. அந்தப் பக்கம் நின்னது யாரு? மெக்ராத். பேட்டு எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியாத ஆளு."

"தோனிக்கு அந்தப் பக்கம் யாரு நின்னா? டிரினிடாட்ல இஷாந்த் ஷர்மா. கடைசி விக்கெட்டு. கடைசி ஓவர்ல பதினஞ்சு ரன். முத பால் சுத்தினாரு, படல. அப்புறம் சிக்ஸ், ஃபோர், சிக்ஸ். ரெண்டு பால் மிச்சம் வச்சு முடிச்சாரு."

"கடைசி ஓவர் வரைக்கும் இழுத்தது யாரு? அவருதானே. ஊருக்கெல்லாம் நெஞ்சுவலி குடுத்துட்டு அப்புறமா மருந்து குடுக்கறது ஒரு வைத்தியமா?"

"வேர்ல்டு கப் ஃபைனல் சிக்ஸு ஒண்ணு போதும் மச்சான்."

"அதுல பத்து பால் மிச்சம் இருந்துச்சு. அதான் நல்ல ஆட்டம். அதை ஒத்துக்கறேன்."

குழந்தைசாமி சந்தோஷத்தில் பீடியைப் பற்றவைத்தார். மற்ற ஆட்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.  பாலகுருவுக்கு வேட்டி ஈரம் மறந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிஷம் இப்படியே போனால் தட்டை அவர் கையில் கொடுத்துவிடலாம், எந்த மன்னிப்பும் வேண்டியிருக்காது என்று நினைத்தான்.

ஆனால் குழந்தைசாமிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா. அடின்னா க்ளூஸ்னர் அடி. தொண்ணூத்தி ஒம்போது செமி ஃபைனல்ல கடைசி ஓவர் ஒம்போது ரன்னு, முத ரெண்டு பாலும் ஃபோரு. இன்னும் ஒரே ரன்னு. அவன் ஓடறான், அந்தப் பக்கம் டொனால்டு பேட்டைக் கீழ போட்டுட்டு நிக்கறான். பார்ட்னரு நின்னுட்டா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர், தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்தார். பீடி கையிலேயே அணைந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் பாலகுருவைப் பார்த்தார்கள். பிறகு தட்சணாமூர்த்தியைப் பார்த்தார்கள். தூரத்துப் பாத்தியில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் மட்டும் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

தட்சணாமூர்த்தி மறுபடி குனிந்து பலகையைப் பிடித்தார்.

கைக்கு வந்தது நழுவிப் போகிறது. பாலகுரு யோசிக்கவில்லை. தட்டோடு பாத்திக்குள் இறங்கி அவர் முன்னால் போய் நின்றான். கொதிக்கிற உப்புத் தண்ணீர் காலைச் சுட்டது.

"ஆவரேஜும் ஸ்ட்ரைக் ரேட்டும் எவன் வேணா பேசலாம் மச்சான். கடைசி பால் எங்கிட்டயே வரட்டும், நான் பாத்துக்கறேன்னு நிக்கறானே, அவன்தான் ஃபினிஷரு. பெவன் அப்படி ஆளு. தோனி அப்படி ஆளு. நம்ம ஊர்ல நான் பாத்ததுல அப்படி ஒரே ஆளு நீங்கதான். அன்னைக்குக் கடைசி பாலை நீங்க ஆடியிருந்தா கோப்பை நம்ம ஊருக்கு வந்திருக்கும். நான்தான் கெடுத்துட்டேன். வேணாம்னு ஒரு சத்தம் குடுத்திருக்கணும், குடுக்கல. தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. முத்து எதுவும் உதிரவில்லை. பாப்பாவின் முகம் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் சங்கடத்தோடு எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள். குழந்தைசாமி எல்லோருக்கும் முன்னால் போனார்.

 தட்சணாமூர்த்தி பலகையைக் கரையில் சாய்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தட்டை வாங்கிக்கொண்டார். தேங்காயில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழரை ஒம்போது மச்சான். நீங்க வந்தாத்தான் ஆரம்பிப்போம்."

"வர்றேன். மலருகிட்ட சொல்லு."

போதும். வேறென்ன வேண்டும்? பாலகுரு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி, வழுக்காமல் அடியெடுத்து வைத்து வரப்பில் ஏறினான். மலர்கொடிக்குப் போன் போடலாம் என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தால் போனிலிருந்து தண்ணீர்தான் ஒழுகியது. அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது. மொபெட்டை உதைத்தான். கிளம்பவில்லை. இன்னொரு உதை.

"மாப்ள, நில்லு."

திரும்பினான். தட்சணாமூர்த்தி தட்டைப் பிடித்தபடி வரப்போரம் வரை வந்திருந்தார்.  

"இன்னா மச்சான்?"

"இந்த மன்னிப்பை வாங்கிக்கிட்டு உம் பொண்ணை என் மடியில உக்கார வைக்க முடியாது. உன்னை எல்லாரும் ரன் அவுட்டுன்னு கூப்பிடறது என் காதுலயும் விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்கிட்ட எனக்கு ஒரு கோவமும் கிடையாது. உன் மூஞ்சியப் பாக்க முடியாமதான் வராம இருந்தேன்."

"எதுக்கு மச்சான் அதெல்லாம்? அன்னைக்கு நான் சத்தம் குடுத்திருந்தா..."

"குடுத்த. வேணாம்னு நீ கத்தினது எனக்கு நல்லாவே கேட்டுது மாப்ள. கையும் காலும் உதறிக்கிட்டு நின்னேன் அந்த முனையில. அந்தக் கடைசி பால் எனக்கு வரக்கூடாதுன்னுதான் நான் ஓடினேன்."