ஐந்தாவது ஏன்

புதுவாயலில் பாஸ்கரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பதவியைத் தெரியாதவர்கள் இருக்க வழியில்லை. காரின் பின்கண்ணாடி முழுக்க அதுதான் ஒட்டியிருந்தது. 'துணை மேலாளர், தொடர் முன்னேற்றப் பிரிவு' என்று தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், அடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் கம்பி ஆலையின் பெயர். பின்னால் வரும் வண்டி கண்ணாடி வழியாகத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? போன தீபாவளிக்கு அவர் சம்பளம் உயர்த்தச் சொல்லிக் கேட்டபோது ஆலை உயர்த்திக் கொடுத்தது அந்தப் பதவியைத்தான். சம்பளம் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மனைவி துர்காதேவிக்கு இரண்டு கவலைகள். ஆர்.கே.பேட்டையில் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு, பத்தரைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சின்னக் கவலை. பெரிய கவலை, வாசற்படியில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் தம்பி லோகு.

லோகு அதே ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். ஒன்பது நாளாக அவனிடம் கேட் பாஸ் இல்லை. சூடான கம்பிகளை ஆறவைக்கும் மேடையில் அவற்றைத் தள்ளிவிட ஆறு லிவர்கள் உண்டு. அதில் ஒன்று கழன்று விழுந்து, கம்பியெல்லாம் இடியாப்பமாகச் சிக்கி, ஆலை நாலு மணி நேரம் நின்றுபோனது. அந்த நேரத்தில் அந்த மேடையருகே நின்ற பாவத்துக்கு லோகுவின் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். காரணம் கண்டுபிடித்து எழுதும் பொறுப்பு பாஸ்கருடையது. திங்கள் காலை அறிக்கை ஜி.எம். மேசைக்குப் போக வேண்டும்.

அறிக்கை என்றால் ஐந்து 'ஏன்'. ஏன் நின்றது, ஏன் விழுந்தது என்று ஒன்றன் கீழ் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் ஐந்தாவது ஏனில் மூலகாரணம் அகப்படும் என்பது ஜப்பான்காரன் காட்டிய வழி. கும்மிடிப்பூண்டிக்கு வந்ததும் அந்த வழி கொஞ்சம் வளைந்துவிட்டது. எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது ஏன் ஏதாவது ஒரு காண்ட்ராக்ட் ஆளின் தலையில்தான் போய் இறங்கும். முந்தின நாள் துணி மடிக்கும்போது துர்கா அந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டாள். ஐந்தாவது கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'ஆபரேட்டர் கவனக்குறைவு (லோகு).' பேனாவால் எழுதவில்லை. மைத்துனனாயிற்றே, அந்த அளவுக்கு ஈரம்.

"அவன் இன்னாதாங்க தப்பு பண்ணான்?" என்று அப்போதே கேட்டாள்.

"அங்க நின்னுகினு இருந்தான் இல்ல?"

"வேல பாக்குற எடத்துல நிக்காம படுத்துகினா இருப்பான்?"

"துர்கா, மச்சான் மாமன்லாம் ஊட்டோட. அங்க சிஸ்டம்னு ஒண்ணு கீது."

சிஸ்டம் என்ற சொல்லை உச்சரித்தபின் பாஸ்கரின் முகம் கோயில் கதவு மாதிரிச் சாத்திக்கொள்ளும்.

ஏழேகாலுக்குக் கிளம்பினார்கள். பாஸ்கர் காரை மூன்று முறை வலம் வந்தார், நாலு டயரையும் உதைத்தார், கண்ணாடியைத் திருப்பித் தன் தலைமுடியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி திருப்பினார். ரிவர்ஸ் போட்டார். வண்டி பாதி கேட்டைத் தாண்டியதும் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கிளட்ச் பெடல் செத்த கோழியின் கழுத்து மாதிரித் தொளதொளவென்று தொங்கியது. கார் ஒரே துள்ளலாகப் பின்னால் பாய்ந்து, சாக்கடை மூடியில் இடித்து உயிரை விட்டது. முன்பாதி வீட்டுக்குள், பின்பாதி தெருவில். பதவி மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிளட்ச் பிளேட்டு போச்சி. கியர் பாக்ஸையே எறக்கணும்," என்றார் பாஸ்கர், இறங்கக்கூட இல்லாமல்.

லோகு தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தான். "மாமா, பெடலுக்குப் பின்னால கோத்துகினு இருக்குற பின்னு கழண்டிருக்கும். அஞ்சு நிமிச வேல. நான் பாக்கட்டா?"

"டேய், நீ ஒரு பிரேக்டவுன் விசாரணைல கீற ஆளு. இன்னொரு பிரேக்டவுன் ஸ்பாட்டாண்ட நீ வரவே கூடாது. தள்ளிப் போ."

லோகு தள்ளிப் போனான். கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஹைவே பக்கம் நடந்து போய்விட்டான்.

பாஸ்கர் வேலையைத் தொடங்கினார். என்றால், வேலைக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைத் தொடங்கினார். ஆலையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அட்டையை ஸ்டியரிங்கில் தொங்கவிட்டார். 'இயக்காதீர், ஆள் வேலை செய்கிறார்' என்றது அட்டை. பழைய நாள்காட்டித் தாளின் முதுகில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுப் பக்கக் கண்ணாடியில் ஒட்டினார். மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதற்குள் எதிர்வீட்டு ஜானகியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து நல்ல இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா நைனா, கார் உள்ள போறதுக்கு எல்மெட்டு? கூர இடிஞ்சி வுழுமா?"

"சேஃப்டி ஃபர்ஸ்ட் ஆயா. ஆரம்பிக்கிறதுக்கு முன்ன எல்லாருக்கும் ரெண்டு வார்த்த சொல்லணும்." எல்லாரும் என்றால் துர்காவும் ஜானகியம்மாளும், அப்பால் போக வழியில்லாமல் நின்ற தண்ணி கேன் வண்டிக்காரனும். ரெண்டு வார்த்தை பன்னிரண்டு நிமிடம் ஓடியது. தீயணைப்பானின் வகைகள்வரை வந்ததும் தண்ணி கேன்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அப்புறம் பாஸ்கர் தலைகீழாக உள்ளே போனார். பெடலுக்கு மேலே பார்க்க வேண்டுமென்றால் டிரைவர் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு, தலையைத் தரைக்குக் கொடுத்து, வௌவாலுக்குப் பங்காளியாக வேண்டும். ஹெல்மெட் ஸ்டியரிங் தண்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கழற்றினால் விதிமீறல், கழற்றாவிட்டால் எதுவும் தெரியாது. விதியே வென்றது. முக்கால் மணி நேரம் அவர் காலடியில் விரித்திருந்த ரப்பர் மிதியடியைத்தான் ஆராய்ந்தார்.

"இன்னா தெரியுதுங்க?"

"ஹைட்ராலிக் ஃபெயிலியர்," என்றது ஹெல்மெட்.

"அந்தப் பொண்ணுக்கு வளையல் போட்டு முடிச்சிடுவாங்க."

"டேட்டா கலெக்ட் பண்ணிகினு கீறேன், பேசாத."

வெளியே இழுக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடி உள்ளேயே விழுந்துவிட்டது. அதை எடுக்கத் துர்கா குனிந்து ரப்பர் மிதியடியைத் தூக்கினாள். கண்ணாடி கிடைத்தது. கூடவே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புப் பின், பெடலையும் அதன் பின்னால் போகும் தண்டையும் கோத்துப் பிடிப்பது. பக்கத்தில் அறுந்துபோன வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று.

அந்த வெள்ளைத் துண்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது! இப்படிப்பட்ட பின்கள் நழுவாமலிருக்க முனையில் ஒரு கம்பி ஊசியைக் குறுக்கே செருகி இரண்டு பக்கமும் வளைத்துவிடுவார்கள். ஸ்பிளிட் பின் என்பார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். நாலு மாதம் முன்பு பாஸ்கர் உலகத்தைத் திருத்தினார். ஊசியை வளைக்க நேரமாகிறது, அதற்குப் பதில் வயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கால் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் போதும் என்று ஆலையின் யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டார். முதல் பரிசு. மாலை, கைதட்டல், போட்டோ, ஒரு ஹாட்பாக்ஸ். அன்றிலிருந்து அவர் கைபட்ட எதுவும் டேக் இல்லாமல் இல்லை. கேஸ் டியூப், துணிக்கொடி, செருப்பு வார், சாமி படத்தின் கொக்கி எல்லாவற்றையும் முன்னேற்றிவிட்டார்.

துர்கா பின்னையும் துண்டையும் பானெட்டின் மேல் வைத்தாள். "உங்க அஞ்சு ஏன எழுதுங்க, கேப்போம்."

பாஸ்கருக்குச் சபை இருந்தால் போதும். மார்க்கரைத் திறந்தார். "ஏன் ஒண்ணு: பெடல் ஏன் வுழுந்துச்சி? பின்னு கழண்டதால. ஏன் ரெண்டு: பின்னு ஏன் கழண்டுச்சி? லாக்கு அறுந்துச்சி. ஏன் மூணு: லாக்கு ஏன் அறுந்துச்சி? பிளாஸ்டிக்கு, தேஞ்சி போச்சி. ஏன் நாலு: இரும்பு இருக்க வேண்டிய எடத்துல ஏன் பிளாஸ்டிக்கு?" இங்கே மார்க்கர் நின்றது. கண் இங்குமங்கும் அலைந்தது. பழகிய கண், காண்ட்ராக்ட் ஆளைத் தேடியது. லோகு அங்கே இல்லை.

"பழைய ஓனர்," என்று எழுதினார்.

"பழைய ஓனரா?" ஜானகியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "போன மாசம் பெடலு கீச்சு கீச்சுனு கத்துதுன்னு நீதான நைனா உள்ள பூந்து கழட்டி மாட்டின? நான் இதே சேர்லதான் குந்திகினு இருந்தேன். இரும்பு ஊசிய எடுத்து சாக்கடைல வீசிட்டு, 'இனிமே இது ஜென்மத்துக்கும் கழலாது ஆயா'ன்னு சொன்னியே."

"ஆயா, இது டெக்னிக்கல் மேட்டரு..."

"எங்க கண்ணு டெக்னிக்கல் இல்லியா?"

"அஞ்சாவது ஏன எழுதுங்க," என்றாள் துர்கா. "பேரு போட்டு எழுதணும், அதான உங்க சிஸ்டம்?"

அப்போது லோகு வந்து சேர்ந்தான். ஹைவே மேல் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையிலிருந்து உள்ளங்கையில் ஒரு புது ஸ்பிளிட் பின் கொண்டுவந்திருந்தான். பானெட்டைப் பார்த்தான். வெள்ளைத் துண்டை எடுத்துத் திருப்பினான்.

"அக்கா, இதே மாரி ஒண்ணு அன்னிக்கி லிவரு வுழுந்த எடத்துலயும் கெடந்துச்சி. சூட்டுல உருகி மொட்ட வால் மாரி இருந்துச்சி. மேடைய சுத்தமா வெச்சிக்கணும்னு மாமா எழுதி ஒட்டினு கீறாரே, அதான் கூட்டித் தள்ளிட்டேன்."

"மத்த லிவருலாம்?"

"அஞ்சுலயும் மாமா போட்ட டேக்குதான் இன்னும் கீது. எப்ப வேணா வுழும். கீழ ஆளு நின்னா அவன் கதி அவ்ளோதான்."

பாஸ்கரின் முகத்தில் சிஸ்டத்தின் கதவு சாத்திக்கொள்ளப் பார்த்தது. பாதியில் மாட்டிக்கொண்டது, அவருடைய கார் மாதிரியே.

"அதுக்கு புரூஃப் இன்னா கீது?" என்றார், வலுவில்லாமல்.

"புரூஃப் வேணாங்க." துர்காவின் குரல் சாந்தமாக இருந்தது, அவளோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சாந்தம் பயம் தரும். "நாளைக்கி அடுத்த லிவரு வுழுதுன்னு வெச்சிக்குங்க. அப்ப யாரு பேர எழுதுவீங்க? லோகுவதான் கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டீங்களே."

இது பாஸ்கருக்குத் தோன்றவேயில்லை. தொடர் முன்னேற்றத்தில் எத்தனையோ பயிற்சிக்குப் போய்வந்தவர். குற்றத்தைச் சுமக்க வைத்திருந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டால் அடுத்த குற்றம் யார் மேல் விழும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் அதன் பட்டை சிவப்பாகப் பதிந்திருந்தது.

லோகு பின்னைத் துடைத்துக்கொண்டு காருக்குள் குனியப் போனான். துர்கா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருடா. மொதல்ல ஆலைல பின்னு பூட்டட்டும், அப்பால இங்க பூட்டலாம்." கணவனின் பக்கம் திரும்பினாள். "போன எடுங்க. ஜி.எம்.முக்கு ரிப்போர்ட்ட இப்பவே அனுப்புங்க. என் தம்பி பேரு அதுல இருக்கக் கூடாது."

"ஞாயித்துக்கெழம..."

"அவரும் போன வெச்சிகினுதான் குந்திகினு இருப்பாரு."

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து ஹாரன் அடித்தன. வந்தவர்களில் ஒருவன் பின்கண்ணாடியை உரக்க வாசித்தான்: "தொடர்... முன்னேற்ற... அண்ணே, கொஞ்சம் முன்னேறுங்கண்ணே, வழி வுடுங்க!" ஜானகியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்கர் போனை எடுத்தார். தட்டினார், அழித்தார், தட்டினார். அவருடைய முகம் மெள்ள மெள்ளத் தெளிந்துவந்ததைத் துர்கா பார்த்தாள். வெட்கத்தால் வந்த தெளிவு மாதிரி இல்லை. எட்டிப் பார்த்தாள். 'மூலகாரணம்: அதிக வெப்பம். ஆபரேட்டர் மேல் தவறில்லை. தீர்வு: மீதமுள்ள லிவர்களில் பிளாஸ்டிக்கை இன்றே நீக்கி, இரும்பு ஸ்பிளிட் பின் பொருத்துவது. இந்தப் புதுமையான யோசனையை இவ்வாண்டின் போட்டிக்கும் சமர்ப்பிக்கிறேன்.'

"இது புது யோசனையா?" என்றாள்.

"அந்த ஆலைல இப்ப இல்லல்ல? அப்ப புதுசுதான்."

காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. துப்பினால் ஐந்து லிவரும் அப்படியே இருக்கும், தம்பியும் வாசற்படியிலேயே இருப்பான். இன்னொரு ஹாட்பாக்ஸ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். யாருக்காவது கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிடலாம்.

"அனுப்புங்க."

அனுப்பினார். போனது என்று திரையில் வந்ததை அவளே வாங்கிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் ஜி.எம்.மிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அதன் கீழே, 'டேக்கை உடனே மாற்றச் சொல்கிறேன். அந்தப் பையனை நாளை ஷிஃப்டுக்கு வரச் சொல்.'

"இப்ப பூட்டுடா," என்றாள் லோகுவிடம்.

லோகு பனியனோடு உள்ளே சரிந்தான். தண்டின் ஓட்டையையும் பெடலின் ஓட்டையையும் ஒன்றாகப் பிடித்துப் பின்னை நுழைத்தான், ஊசியைச் செருகி இரண்டு காலையும் கட்டிங் பிளேயரால் பிரித்து வளைத்தான். நாலு நிமிடம். கையால் பெடலை அழுத்தினான். அது நல்ல பிள்ளை மாதிரிப் போய்த் திரும்பிவந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் கைதட்டினார்கள். பாஸ்கர் அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

மணி ஒன்பதே கால். லோகுவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். ஹைவேயில் திரும்பி நாலாவது கியர் விழுந்ததும் பாஸ்கருக்குப் பழைய குரல் திரும்பியது.

"பாத்தியா துர்கா? மெத்தடு கரெக்டா இருந்தா அஞ்சாவது ஏன்ல ஆன்சரு தானா வந்துடும்."

துர்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரோட்ட பாத்து ஓட்டுங்க," என்றாள். "பந்தி எடுத்துடப் போறாங்க."