‘மின்தடை’யின் ஒரே கேசட்

எங்கள் ராக் பேண்டுக்கு ‘மின்தடை’ என்று பெயர். பேர் ராசியோ என்னமோ, பாதிக் கச்சேரி இருட்டில்தான் முடிந்தது. ஆறு வருஷம், நாலு பேர், நாலு பாட்டு, ஒரே ஒரு கேசட். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கரண்ட் ஆபீஸுக்குப் போன் போடுவார்கள். நல்லதைக் கேட்க இந்த ஜனத்துக்குக் காது ஏது? சரி விடுங்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது.

பாடினவன் ஒட்டடைக்குச்சி. ஆள் அந்த உயரம், அந்த ஒல்லி. பாட்டெல்லாம் அவனே எழுதுவான். பேண்டு கலைந்ததும் வாயை மூடினவன், அப்புறம் குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லையாம். போன மாதம் செத்துப்போனான். எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

நேற்று மத்தியானம் அவன் மகள் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தாள். அப்பா பாடி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, ஒரு தடவை கேட்டால் போதும் என்றாள். பீரோவைக் குடைந்து கேசட்டை எடுத்து, பழைய டேப் ரெக்கார்டரில் போட்டேன்.

டமடமவென்று என் டிரம்ஸ்தான் கேட்டது. அவன் குரல், பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி எங்கோ அடியில் கிடந்தது.

ரெக்கார்டிங் அன்றைக்கு நான் பார்த்த வேலை அது. டிரம்ஸ் எடுபடவில்லை, ஏற்றுங்கள் என்று சவுண்ட் இன்ஜினியர் உயிரை வாங்கினேன். அப்படியானால் குரலைக் குறைக்கவேண்டி வரும் என்றார். குறையுங்கள் என்றேன். ஒட்டடைக்குச்சி என்னைப் பார்த்து, “உனக்குத் திருப்தின்னா சரிடா” என்றான். அவ்வளவுதான்.

அவள் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, அப்பா என்ன பாடுகிறார் என்று கேட்டாள். அத்தனை வருஷம் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன் நான். ஒரு வரி தெரியவில்லை. என்றைக்கு நான் அவனைக் காது கொடுத்துக் கேட்டேன்?

நடந்ததையெல்லாம் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கேசட்டை முதலுக்கே திருப்பிச் சுற்றினாள்.

“மாமா, நீங்க வாசிக்காத இடம் ஒண்ணாவது இருக்கா?”

நாலு பாட்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஓர் இடத்திலாவது கையை நிறுத்தியிருக்கிறேனா, பாவி.