அம்மாக்கண்ணு தலைக்கு மேல் நின்ற கரகம்

பனிச்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாக்கண்ணுவின் தலைக்கு மேலே, நாலு விரல் இடைவெளி விட்டு, ஒரு கரகம் பதினான்கு வருஷம் அந்தரத்தில் நின்றது. அவள் நடந்தால் அதுவும் நடந்தது. குனிந்தால் குனிந்தது. படுத்தால் தலைமாட்டில் தரையைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தது. அந்த நாலு விரல் இடைவெளி எதற்கு என்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் கொழுந்து எடுக்கப் போனபோது விளங்கியது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட அந்த இடம் கச்சிதமாக இருந்தது. ஆத்தாளுக்கு மலைவேலை தெரிந்திருக்கிறது என்று செடி நிரையில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். அன்று கொழுந்து அதிகம் என்பதால் பேச்சு அதோடு நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, சித்திரைத் திருவிழாவின் கடைசி நாளில் நடந்தது இது. அம்மாக்கண்ணுவின் புருஷன் பழனியாண்டிதான் தோட்டத்து மாரியம்மன் கோவில் பூசாரி. வழக்கம்போல அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறால் காப்புக் கட்டி, ஓடை நீரைச் செம்பில் நிறைத்து வேப்பிலை சூட்டிக் கரகம் பாலித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் லயமாகச் சுற்றியாயிற்று. அதைத் திரும்ப ஓடையில் கரைத்துவிட்டுக் காப்பை அவிழ்ப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஹட்டன் பக்கமிருந்து போலீஸ் ஜீப் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கொழும்பில் போட்ட சட்டத்தில் தோட்டத்து ஜனங்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆகியிருந்தார்கள். பழனியாண்டி போன வருஷம் தகப்பனாரின் கருமாதிக்காகத் திருச்சிப் பக்கம் போய் வந்தவர். திரும்பி வந்தபோது இங்கே தங்கக் கொடுத்த தவணை முடிந்துவிட்டதாம், அன்றைக்கே புறப்பட வேண்டுமாம். வந்த சிங்களச் சார்ஜன்ட் நல்ல மனுஷன். கோவில் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருநீறு பூசிக்கொண்டார், தன் கையாலேயே ஒரு தேங்காயும் உடைத்தார்.

“பூசாரி, சாமிக்கு சொல்றது, நம்ம மேலே கோவம் வேணாம். மேலேயிருந்து ஓடர் வந்தது” என்றார்.

பழனியாண்டி கரகத்தை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். தரையில் வைக்கக் கூடாது. ஓடைக்கு இறங்கி ஏற நேரம் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள். பக்கத்தில் கைக்குழந்தைபோல அழுதுகொண்டு நின்ற மனைவியின் தலைமேல் அதைத் தூக்கிப் பிடித்து, “நா வர்ற வரைக்கும் பாத்துக்க புள்ள” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். கரகம் பிடித்த உயரத்திலேயே நின்றுவிட்டது. காப்புக் கட்டிய கையோடு அவர் ஜீப்பில் ஏறினார். உடுக்கை அடித்த கந்தப்பனுக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஜீப் வளைவில் மறையும்வரை அடித்துக்கொண்டே இருந்தான்.

இதனால் வந்த சிக்கலை ஊரார் மறுநாள்தான் உணர்ந்தார்கள். கரகம் கரைக்காமல் காப்பு அவிழாது. காப்பு அவிழாமல் திருவிழா முடியாது. காப்புக் கட்டிய ஊரில் கவிச்சி ஆகாது, சாராயம் ஆகாது, கல்யாணம் ஆகாது, எல்லை தாண்டி இரவு தங்கவும் கூடாது. எடுத்தவர் கையால்தான் கரகத்தை இறக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில், சுமக்கிறவர் எடுத்தவரின் பெயரை மூன்று தரம் கூவி அழைத்து இறக்கலாம் என்றும் ஒரு முறை உண்டு. அது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுமக்கிறவள் எடுத்தவரின் பெண்சாதியாயிற்றே. புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். ஆகவே அந்த முறையைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை, அவளும் தனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எப்படியும் ஆள் ஆடிக்குள் வந்துவிடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஆடி வந்தது, அவரும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அடுத்த சித்திரை வந்தபோது புதுத் திருவிழா நடத்த முடியவில்லை, பழையதே முடியாமல் கிடந்தது. பனிச்சோலையில் வெட்டப்படாத ஆடுகள் கிழடு தட்டித் தானாகச் செத்தன. சேவல்கள் ஊரை ஆண்டன. சாராயக் கடைக்காரன் ஒரு வருஷம் ஈயோட்டிப் பார்த்துவிட்டுத் தலவாக்கலைக்குப் போய்விட்டான். சம்பளத்துக்கு மறுநாளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் குறையாமல் வந்து நின்றதைப் பார்த்துப் பெரிய துரை கோவிலுக்கு ஒரு வெங்கல மணி வாங்கிக் கொடுத்தார். அவரே பிறகு பத்துக் குடும்பங்களைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்ற நினைத்தபோது, “காப்புக் கட்டியிருக்குங்க, எல்லை தாண்ட ஏலாதுங்க” என்று அத்தனை பேரும் கைகட்டி நின்றார்கள். மணியைத் திரும்பக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு தொழிற்சங்கங்கள் வந்து இரண்டு கொடிகளை நட்டன. திருவிழாக் காலத்தில் கை நீட்டக் கூடாது என்பதால் அவர்கள் சண்டையும் வாயோடு போயிற்று.

அந்தக் குளிரில் வேப்பமரம் பிழைக்காது. திருவிழாவுக்கு வேப்பிலை மாத்தளைப் பக்கமிருந்து ரயிலில்தான் வர வேண்டும். அப்படி வந்த இலைகள் கரகத்தின்மேல் வாடாமல் நின்றன. பிள்ளைக்கு அம்மை போட்டால் தாய்மார் வந்து ஒரு கொத்து கிள்ளிக்கொண்டு போவார்கள், விடிவதற்குள் அந்த இடத்தில் வேறு துளிர்த்துவிடும். மற்றபடி அம்மாக்கண்ணு சாமியாடவில்லை, குறி சொல்லவில்லை, யாருக்கும் ஆத்தாளாகவும் இல்லை. கொழுந்து எடுத்தாள், ரொட்டி சுட்டாள், மகள் நாகலெட்சுமிக்குத் தலை வாரினாள். பிரஜாவுரிமைக்காரர்கள் விசாரணைக்குக் கூப்பிட்டபோது கரகத்தோடு நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனாள். அங்கே அதிகாரி புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “இவ அப்பாங்க” என்று மகளைக் காட்டினாள். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்தான். மகள்தான் பெயரைச் சொன்னாள். கடைசியில், போட்டோவில் தலைக்கு மேல் ஏதோ பொருள் இருக்கிறது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தாயும் மகளும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இந்தத் திருவிழாவால் ஆதாயப்பட்டவர் என்று ஒருவரைச் சொல்வதானால் அது பொன்னையா கங்காணிதான். அவர் கோவில் தலைவர். திருவிழா முடிந்ததும் கோவில் தலைவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, அது எல்லாத் தோட்டத்திலும் உள்ளது. இங்கே திருவிழா முடியாததால் பதினான்கு வருஷமும் அவர் தோளில் பரிவட்டத் துண்டு இருந்தது. எது செய்யலாம் எது கூடாது என்று அவர்தான் தீர்ப்புச் சொன்னார். மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைக்கலாமா என்பதற்குக்கூட அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆத்தா நம் தோட்டத்தை விட்டுப் போகாமல் தங்கியிருக்கிறாள் என்று அவர் மனதார நம்பினார், ஊரில் பாதிப் பேரும் அப்படித்தான் நம்பினார்கள்.

மீதிப் பாதிப் பேர் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். பொறுக்க முடியாதவர்கள் எல்லை தாண்டிப் போய்த் தாலி கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள், திரும்பி வரவில்லை. நாகலெட்சுமி அப்படிப் போகக்கூடிய பெண் அல்ல. அப்பாவை ஜீப்பில் ஏற்றியபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் சிவசாமியும் அவளும் ஒருவரையொருவர் விரும்பி ஏழு வருஷம் ஆகியிருந்தது. சிவசாமியின் தகப்பன் நல்லவிதமாகவே வந்து சொன்னார்: வைகாசிக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் தலவாக்கலையில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணை முடித்துவிடப்போகிறார். அவருக்கும் வயதாகிறது அல்லவா. அதற்கு முந்திய ஐப்பசியில்தான் இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிகளும் கையெழுத்துப் போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று ஜனங்களைப் பங்கு பிரித்திருந்தார்கள். இங்கிருந்து போகிறவர்களைப் பற்றித்தான் அதில் பேச்சு. அங்கிருந்து வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதை அம்மாக்கண்ணு ரேடியோ கேட்டவர்களிடம் இரண்டு தரம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

நாகலெட்சுமி எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, “நா இப்படியே இருந்துக்கிறேம்மா. நீ அதப் பத்தி யோசிக்காத” என்று மட்டும் சொன்னாள். அம்மாக்கண்ணுவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. தன்னைப்போல ஒருத்தி போதாதா இந்த லயத்தில் என்று அவள் மனசு கொதித்தது. மறுநாள் பெரட்டு முடிந்ததும் நேரே பொன்னையா கங்காணியிடம் போனாள்.

“ஞாயித்துக்கெழம கரகத்த எறக்கப்போறேங்க.”

“எடுத்தவன் கையில்லாம எப்படி எறக்குவ?”

“கை இல்லாட்டிப் பேரு போதும்னு ஒங்களுக்குந் தெரியும், எனக்குந் தெரியும்.”

கங்காணி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவன் எங்கயோ உசுரோட இருக்கான்னு நம்பிக்கிட்டிருக்கோம். நீயே அவன் ஆயுச அறுத்துப்புடாத தாயி.”

“பதினாலு வருசமா பேரச் சொல்லாம காப்பாத்திக் குடுத்திருக்கேன். அந்த ஆயுசு அவருக்குப் போதும்ங்க. இனி மிச்சம் எம் மகளுக்கு” என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிவிட்டாள். நிரையில் நின்று அழுதுகொண்டேதான் அன்று கொழுந்து எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே ஓடைக்கரைக்கு வந்தது. வேண்டாம் என்றவர்களும் வந்திருந்தார்கள். கந்தப்பன் தலை நரைத்துப்போயிருந்தான், உடுக்கையை நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினான். அம்மாக்கண்ணு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கிழக்கே பார்ப்பதா வடக்கே பார்ப்பதா என்று ஒரு கணம் தடுமாறி, கடல் இருக்கும் திசை இதுதான் என்று தானாகவே முடிவு செய்து திரும்பி நின்றாள். சொல்லிப் பழகாத பெயர். முதல் தரம் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் முன்வரிசைக்குக் கேட்டது. மூன்றாம் தரம், “பழனியாண்டீ!” என்று அவள் கத்தியது எதிர்மலையில் மோதித் திரும்பியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கரகம் நாலு விரல் இறங்கி முதல் முறையாக அவள் தலையில் உட்கார்ந்தது. பதினான்கு வருஷத்துப் பாரமும் ஒரேயடியாக இறங்க, அவள் கழுத்து மடங்கித் தண்ணீருக்குள் போனாள். எழுந்தபோது தலையில் ஒன்றுமில்லை. ஆட்கள் முங்கித் தேடியும் செம்பு கிடைக்கவில்லை. வேப்பிலைகள் மட்டும் பொல்பிட்டிய பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

வைகாசி முதல் முகூர்த்தத்தில் நாகலெட்சுமிக்கும் சிவசாமிக்கும் கல்யாணம். அன்று கோவில் வாசலில் இன்னும் ஆறு ஜோடிகளுக்கும் தாலி ஏறியது. பொன்னையா கங்காணிதான் எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தார், சாயங்காலம் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். ஊரே கறிச்சோறு சாப்பிட்டது. அம்மாக்கண்ணு பூவும் பொட்டுமாக நின்று மகளை அனுப்பினாள். அந்தப் பொட்டை வைத்துக்கொள்ளலாமா அழிக்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

ஆவணியில் லெட்சுமணன் முதலாளி தோட்டத்துக்கு வந்தார். ஹட்டன் கடைவீதியில் கற்பூரமும் பூசைப் பாத்திரமும் விற்கிறவர், பாஸ்போர்ட் உள்ளவர், தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். போன இடத்தில் ஒரு கோவில் குளத்தங்கரையில் பழனியாண்டியைப் பார்த்தாராம். பக்கத்தில் இருந்த கரகச் செம்பைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவர் கடையில் விற்ற செம்பு, விளிம்பில் தோட்டத்தின் பெயரை வெட்டிக் கொடுத்தவரும் அவரே. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தபோது செம்பு தண்ணீருக்குள்ளிருந்து தன் கைக்கு வந்தது என்றும், அங்கேயே கரைத்துக் காப்பை அவிழ்த்துவிட்டேன் என்றும் பூசாரி சொன்னாராம். அதுவரை அந்த மஞ்சள் கயிறு கையிலேயே இருந்திருக்கிறது.

“ஒனக்கு ஒண்ணு சொல்லிவிட்டாரும்மா” என்றார் முதலாளி. “அவ எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு, மூணு தரமும் விழுந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு.”

அம்மாக்கண்ணு நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “மொதத் தரமுமா?” என்று கேட்டாள். முதலாளி ஆமாம் என்றார். அவருக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, லயத்துக்கே தண்ணீர் விழும் பீலிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் தினமும் சாயங்காலம் பீலியில் குடத்தை வைத்துவிட்டு, பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிடுவாள். குடம் நிறைவதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்துவிடும். பின்னால் குடத்தோடு நிற்கும் பெண்கள் அதுவரை பேசாமல் இருப்பார்கள். சில நாள் பதில் கொஞ்சம் நீண்டுவிடும், குடம் நிறைந்து வழியும். அந்த நாட்களிலும் அவளைச் சீக்கிரம் நகரச் சொல்லி யாரும் அவசரப்படுத்தியதில்லை.