இன்னும் அதே குளிர்தானா

ஒரு காதில் தொலைபேசி, ஒரு கையில் வானொலி மைக். வடதுருவத்தை ஒட்டிய சிற்றூரின் விமானதளத்து அறையில், விமானிகளுக்கு வானிலை சொல்லும் வேலையில் உட்கார்ந்திருந்த உலாயுக், மருத்துவ நிலையத்திலிருந்து தம்பி ஜோவானசி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். நர்ஸ் கையை விரித்துவிட்டாளாம். தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வரும் விமானம் இறங்கினால்தான் உண்டு.

"எப்படியாவது இறக்கிடு அக்கா. அம்மா எங்கன்னு கேட்டுட்டே இருக்கார்."

அந்த அம்மா இவள்தான். அவருடைய இறந்துபோன தாயின் பெயரை இவளுக்கு வைத்த நாளிலிருந்து அப்பாவுக்கு இவள் அம்மா. இந்த வயதிலும், "அம்மா, பசிக்குது, சீல்கறி இல்லையா?" என்று வம்புக்கு வந்து நிற்பார்.

சூரியனே எழாத மாதம், நட்ட நடுப்பகலிலேயே இருட்டு. பாழாய்ப்போன மேகம் ஓடுதளத்தின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. ஓடுதளத்துக்கு முன்னால், விமானம் வரும் வழியில் குன்று. அங்கே பழைய விமானமொன்றின் வால் இன்னும் கிடக்கிறது. அது மோதி விழுந்த அன்றைக்குச் சடலங்களைச் சறுக்குவண்டியில் ஏற்றிவந்தவர் அப்பாதான்.

கடுங்குளிரில் உயரமானியை நம்ப முடியாது. அது காட்டுவதைவிட விமானம் தாழ்வாகவே பறக்கும். அதனால் இவள் சொல்லும் குளிரைக் கணக்குப் பண்ணி, எதுவரை இறங்கலாம் என்ற எல்லையை விமானி உயர்த்திக்கொள்வார். குளிர் குறைவென்றால் இன்னும் கொஞ்சம் கீழே வருவார். மேகத்துக்கடியில் ஓடுதள விளக்குகள் தெரிந்துவிடும்.

"போன தடவ மைனஸ் முப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க," வானொலியில் விமானி கேட்டார். "இன்னும் அதே குளிர்தானா?"

திரையைப் பார்த்தாள். காற்று நின்றதில் மைனஸ் நாற்பத்திரண்டுக்குப் போயிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அடுத்த வானிலை அறிக்கைக்கு இன்னும் நேரமிருக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள்? அப்பா பிழைத்துக்கொள்வார். இல்லையென்றால் குன்றில் இன்னொரு வால். மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"இல்ல. நாப்பத்திரண்டு. மைனஸ் நாப்பத்திரண்டு."

தொலைபேசியில் ஜோவானசி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

இரைச்சல் நெருங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குன்றைத் தாண்டிவிட்டதா, தாண்டிவிட்டதா என்று மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் தலைக்குமேல் வந்து, உறுமி, மேலேறி விலகிப்போனது. விளக்கே தெரியவில்லை, திரும்பிப் போகிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் விமானி. சரி என்று சொன்னாள்.

தொலைபேசியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"போயிட்டார்க்கா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியாவும் உன்னைத்தான் கேட்டார். அம்மா வேலையில இருக்கான்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சரி, தொந்தரவு பண்ணாதேன்னார்."

அடுத்த அறிக்கைக்கு நேரமாகிவிட்டது. உலாயுக் மேலங்கியை மாட்டிக்கொண்டு வானம் பார்க்க வெளியே வந்தாள். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. இறங்க யாருமில்லாத ஓடுதளத்தில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. உள்ளே திரும்பியபின்னும் அவள் அவற்றை அணைக்கவில்லை.