மேட்னியில் ஒரு முக்காடு

...அப்படியென்றால் அந்த ஒரு நிமிடத்தில் திரையில் என்னதான் நடந்தது, ஒரு நிமிடம்கூட இருக்காது, முக்கால் நிமிடம், ஆனால் சினிமாவில் முக்கால் நிமிடம் என்பது சின்னச் சமாச்சாரமா, அதற்குள் ஒரு குடும்பத்தையே அழித்துப் பழியும் வாங்கி முடித்துவிடுவார்கள், அந்த முக்கால் நிமிடமும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் குனிந்து உட்கார்ந்திருந்தாளே செல்வமேரி, குரோம்பேட்டை தியேட்டரில், செகண்ட் கிளாஸில், நாற்பத்தாறு வயதில்... யாராவது பார்த்திருந்தால்? சபைக்காரர்கள் வந்தால் பால்கனிக்குத்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவள் எப்போதும் கீழே உட்காருவது. தப்பு அவள் மேல் மட்டுமா என்ன. திரையில் அந்த உபதேசியார், கழுத்து நரம்பு தெரிய, பொத்தான் போன வெள்ளைச் சட்டையோடு, குடிசைக் கோவிலில் எழுந்து நின்று, “கண்களை மூடி ஜெபிப்போம்” என்று சொன்னார். அது நடிகர், அந்தக் கோவில் செட்டு, வேப்பமரம்கூட எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டதாக இருக்கும், எல்லாம் தெரியும். ஆனால் பால் மறந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் கேட்ட வாக்கியம், காதில் விழுந்ததும் கண் தானாகச் சாத்திக்கொண்டது, கை தானாக முந்தானையைத் தேடியது. ஜெபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ மூச்சை உள்ளிழுத்த மாதிரி தியேட்டர் முழுக்க ஒரு அசைவு. அப்புறம் “ஆமென்.” கண்ணைத் திறந்தால் வேறு காட்சி, யாரோ வலை உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் இவள் விமர்சகி. மாடம்பாக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபை, அதற்குப் பதினாறு பக்க மாத மடல், அதன் கடைசிப் பக்கத்தில் ‘பார்த்தது கேட்டது படித்தது’, மாதம் ஒரு படம், ஒரு பாட்டு சிடி, முடிந்தால் ஒரு புத்தகம், எல்லாம் விசுவாசக் கண்ணோட்டத்தில், அடியில் ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் ஒரே வார்த்தை, பார்க்கலாம் அல்லது தவிர்க்கலாம். ஒன்பது வருஷத்தில் ‘பார்க்கலாம்’ வாங்கிய படங்கள் நாலு, அதில் ஒன்று யானைகளைப் பற்றியது. தவிர்க்கலாம் என்று போட்ட படத்துக்குத்தான் அடுத்த சனிக்கிழமை சபையில் பாதிப் பேர் குடும்பத்தோடு போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும், தியேட்டர்காரன் நியாயமாக அவளுக்கு ஒரு இலவச பாஸ் தரவேண்டும். ஆனாலும் அந்தக் கட்டத்தை அவள் விடமாட்டாள். சினிமா என்றால் சாத்தான் வீட்டு வாசல் என்று வளர்த்த அப்பா, அதே வழியில் நிற்கிற வீட்டுக்காரர், இவர்களுக்கு நடுவில் மாதம் ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு இருட்டில் போய் உட்கார அவளுக்குக் கிடைத்த ஒரே சீட்டு அது. வீட்டில் யாராவது கேட்டால் அவரே சொல்வார், “அவ ஊழியத்துக்குப் போயிருக்கா.” ஊழியம் போனால் படமும் போச்சு.

இந்த மாதம் போகும்போலத்தான் இருக்கிறது. பாஸ்டர் மோகன்ராஜ் முந்தாநாள் கடைக்கே வந்துவிட்டார், மேற்குத் தாம்பரத்து மேட்சிங் சென்டருக்கு. பிளவுஸ் பிட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எடுத்த எடுப்பில், “சிஸ்டர், இந்தப் படத்துக்கு தவிர்க்கலாம்தான். அதுல மாத்தம் வேணாம். வேற எழுதறதா இருந்தா அந்தப் பக்கத்துக்கு இனிமே சமையல் குறிப்பு போட்டுக்கலாம்” என்றார். எந்தப் படத்துக்கும் அவர் முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னதில்லை. இதற்கு மட்டும் ஏன்? ஒரு உபதேசியாரை மையமாக வைத்துத் தமிழில் ஒரு படம் வருவதே அபூர்வம், வந்தால் நாம் அல்லவா முதல் டிக்கெட் வாங்க வேண்டும்?

வெளியே நாலரை மணி வெயில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் கண்ணாடிகளில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. அவள் கடையிலும் இதே கதைதான். டியூப்லைட்டில் எல்லாப் பச்சையும் ஒரே பச்சை, விவரம் தெரிந்தவள் புடவையையும் பிட்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவாள், வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் எது கிளிப்பச்சை எது பாசிப்பச்சை என்று தெரியும். படத்தையும் அவள் அப்படித்தான் பார்ப்பது. மேட்னி முடிந்து தெருவுக்கு வந்ததும் மனதில் வைத்து விரித்துப் பார்ப்பாள், முக்கால்வாசி அங்கேயே வெளுத்துவிடும். இது வெளுக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்த படம், அந்தக் கருமையும் வெண்மையும் அப்படியே நின்றன. பாட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது, ஒரு கிழட்டு ஹார்மோனியம், அதில் ஒரு கட்டை ஊமை, கீர்த்தனை அந்தச் சுரத்துக்கு வரும்போதெல்லாம் ஜனங்கள் தொண்டையால் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு போகிறார்கள், அடடா, எந்தப் புண்ணியவான் இதை யோசித்தான், போன மாதம் அவளுக்கு விமர்சனத்துக்கு வந்த சிடியில் கிதார், டிரம், கைதட்டல் எல்லாம் இருந்தும் ஒரு இடத்தில்கூடத் தொண்டை அடைக்கவில்லையே...

முன்னால் காலி மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி போனாள். அவள்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள், படம் முழுக்கக் கூடை வாடை. செல்வமேரி எட்டிப் போட்டு நடந்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கலாமா. அந்த ஜெபம் பண்ற எடத்துல என்ன ஆச்சு?”

“இன்னாமே, நீ பக்கத்துல தானே குந்திகினு இருந்த. தூங்கிகினியா?”

“தூங்கல. அவரு ஜெபம்னதும் நானும் கண்ண மூடிட்டேன்.”

கூடைக்காரி நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். பெயர் கிளியம்மாள், கோவளம் பக்கம், காலையில் சரக்கு தீர்ந்தால் மத்தியானம் சினிமா, இந்தப் படத்துக்கு இது மூணாவது தபா, எல்லாம் கேட்காமலே சொன்னாள். “சரியாப் போச்சு. சினிமால கோயிந்தா போட்டா நான் கை தூக்கணும்போல கீது.” சிரித்து முடித்தபின் சொன்னாள், “ஒண்ணியும் பேசலமே அவரு. எல்லாரும் கண்ண மூடிகினாங்களா, இவரு மட்டும் தொறந்துகினு ஒவ்வொரு மூஞ்சியா பாத்தாரு. யாரு மிச்சம், யாரு இல்லன்னு பாக்கற மாரி. ஒரு பொண்ணு, இத்தினியூண்டு, அது மட்டும் முழிச்சிகினு இவரயே பாக்குது. இவரு ஒதட்டுல வெரல வெச்சி சும்மாயிருன்றாரு. அப்பால ஆமென். அவ்ளோதான்.” கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “ஒண்ணு பாத்தியா, படம் பூரா கடல காட்டவே இல்ல. சத்தம் மட்டும்தான். காட்டியிருந்தா எய்ந்து போயிருப்பேன். படம் எடுத்த தம்பிக்கி மருவாதி தெரிஞ்சிகீது.”

மரியாதை. இத்தனை வருஷமாக அவள் பக்கம் பக்கமாக எழுதித் தேடிய வார்த்தை, கூடைக்காரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகிறாள். சுனாமியைப் பற்றிய படத்தில் கடலைக் காட்டாமல் இருந்தானே என்று இவளுக்கும் பட்டது, ஆனால் சிக்கனம் என்று எழுதியிருப்பாள், நல்ல உத்தி என்று எழுதியிருப்பாள். கூடவே வழக்கம்போல நாலு குறையும் எழுதியிருப்பாள். கடையில் எந்தப் பொம்பளை ஒரு பிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நூல் நிற்குமா, சாயம் போகுமா என்று குறையாய்ச் சொல்லிக்கொண்டு நிற்கிறாளோ அவள்தான் வாங்கப்போகிறவள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஒன்பது வருஷமாகத் தானும் சினிமாவை அப்படித்தான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று... சரி, அது இருக்கட்டும்.

குரோம்பேட்டை ஸ்டேஷனில் நோக்கியா அலறியது. பாஸ்டர். “ஸ்தோத்திரம் சிஸ்டர், பாத்தாச்சா? தாம்பரம் பிளாட்பாரத்துலயே நிக்கறேன், பக்கத்த குடுத்தீங்கன்னா ஆறு மணிக்குள்ள அச்சுக்குப் போயிரும்.” படம் நன்றாக இருக்கிறது பாஸ்டர் என்று அவள் இழுத்தாள். எதிர்ப்பக்கம் ஒரு வண்டி கடந்து போகும் சத்தம், அதற்குப் பின்னால் அவர் குரல். “அந்த ஜெபக் காட்சி ஒண்ணு போதாதா? வாயே தொறக்காம ஜனங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறான். எடது கை நடுங்குது, யாரும் பாக்கக் கூடாதுன்னு பைபிளுக்கு அடியில ஒளிச்சுக்கறான். அதையெல்லாம் வெளிய காட்டலாமா?”

“நீங்க படம் பாத்தீங்களா பாஸ்டர்?”

“...கேள்விப்பட்டேன்.”

கேள்விப்பட்டாராம். மூன்று தடவை பார்த்த கிளியம்மாளே கை நடுங்கியதைச் சொல்லவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்கிறவள் துணியின் அகலத்தைக் கேட்காமலே சொன்னால், முன்பே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். பாஸ்டர் பார்த்திருக்கிறார், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். மடலுக்கு என்று அனுமதி வாங்கிப் போனவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, சிரிப்பும் வந்தது, பாதியில் நின்றது. ‘பொய், இப்படியெல்லாம் எந்த ஊழியக்காரனும் செய்யமாட்டான்’ என்று அவர் சொல்லவில்லையே. காட்டலாமா என்றுதானே கேட்டார்.

சானடோரியம் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், அவளுக்கு அந்த ஜனவரி வந்தது. சுனாமிக்கு அடுத்த ஞாயிறு. வாரம் முழுக்கக் கடற்கரையில் சபை வேனோடு நின்றுவிட்டு அன்று காலைதான் பாஸ்டர் திரும்பியிருந்தார், செருப்பில் மணல்கூடப் போகவில்லை. கண்களை மூடி ஜெபிப்போம் என்றார். எல்லோரும் மூடினோம். அப்புறம் சத்தமே இல்லை. ஃபேன் ஓடுவது கேட்டது. பின்வரிசையில் யாரோ, மைக் போச்சு என்று கிசுகிசுத்தார்கள். எவ்வளவு நேரம் அது, ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா? செல்வமேரி அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கடவுள் மன்னிக்கட்டும், பொங்கலுக்கு எத்தனை ரோஸ் பிட்டு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘ஆமென்’ கேட்டது, மைக் வழியாகத்தான், துல்லியமாக. எல்லோரும் ஆமென் என்றோம். அந்த வாரமே கமிட்டி கூடிப் புது மைக் வாங்கியது. பாஸ்டர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. திறப்பு விழா ஜெபம்கூட அவர்தான் பண்ணினார்.

மடியில் நோட்டை விரித்து எழுதினாள். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணியது. குறை ஒன்றும் எழுத வரவில்லை. ஹார்மோனியத்தின் ஊமைக் கட்டையை எழுதினாள், காட்டாத கடலை எழுதினாள், மரியாதை என்று எழுதி அது தன் வார்த்தை இல்லை, ஒரு மீன்காரம்மா சொன்னது என்றும் எழுதினாள். பிரித்துப் பார்க்காத துணிக்கு உத்தரவாதம் கொடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதனால் கடைசியில், ‘ஜெபக் காட்சியில் நான் கண்ணை மூடியிருந்தேன், அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது, பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று எழுதினாள். கட்டத்துக்குள் ‘பார்க்கலாம்’. எழுதியபின் ஒருமுறை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடுத்த மாதம் அந்த இடத்தில் கத்தரிக்காய் சாதம் வரும், சாமுண்டீஸ்வரி சிஸ்டர் நன்றாக எழுதுவார்கள். இருட்டு, ஓடும் படம், பக்கத்து சீட்டு மீன் வாடை, எல்லாம் இன்றோடு முடியலாம். முடியட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

தாம்பரம். கூட்டம் அவளைத் தள்ளி இறக்கியது. டீக்கடையை ஒட்டிய சிமென்ட் பெஞ்சில் பாஸ்டர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஃபைல், தலை லேசாகக் குனிந்து, கண் மூடியிருந்தது. ஜெபமா, அசதியா? கை பழக்கத்தில் முந்தானைக்குப் போயிற்று, பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் பார்க்கிற முகம், ஆனால் கண் மூடிய முகமாக இதுவரை பார்த்ததே இல்லை, அந்த நேரத்தில் அவளுடையதும் மூடித்தானே இருக்கும். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருமை இருந்ததா? மீசையை எப்போது நரைக்க விட்டார்? இவர் எங்கள் முகங்களை எத்தனை ஞாயிறு இப்படி நின்று பார்த்திருப்பார், அந்த ஜனவரியில் என் முகத்தைப் பார்த்தபோது அதில் ரோஸ் பிட்டு தெரிந்திருக்குமோ... வண்டி ஊதிக்கொண்டு யார்டுக்குப் புறப்பட்டது. அவர் விழிக்கவில்லை. பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கூப்பிடாமல் நின்றாள், உதடு அசைகிறதா என்று பார்த்தாள், அசையவில்லை. வலது கை ஃபைலின் மேல் இருந்தது. இடது கையை மட்டும் காணவில்லை, அது ஃபைலுக்கு அடியில் இருந்தது.