மரவட்டையும் வலது கண்ணும்

முதுகு வலிக்கு நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் விரட்டியதால்தான் என் மனைவி கடையை ஒருநாள் மூடினாள். வாட்ச் ரிப்பேர் செய்கிறவள். நான் லாரி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் உட்கார்ந்தே தேய்ந்த ஆட்கள் என்பதால் காட்டுப் பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினோம்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. முதலில் ஒரு மரவட்டை பாதையைக் கடந்தது. வளைவு திரும்பியதும் கால் வைக்க இடமில்லை. கறுப்பாக, விரல் தடிமனில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊர்ந்துகொண்டிருந்தன. சருகுக்கடியிலும் சரசரவென்று அதே சத்தம். மருந்து நெடிபோல ஏதோ மூக்கைத் துளைத்தது. எனக்கு உடம்பு கூசிவிட்டது.

"போதும், திரும்பிடலாம்."

"மலைப்பாதையில லோடு ஏத்திட்டுப் போற மனுஷன், பூச்சிக்கா பயப்படுறீங்க?"

"எனக்கென்னடி பயம்? பிடிக்கல, அவ்ளோதான்."

அவள் எங்கே கேட்டாள்? குனிந்து ஒன்றை எடுத்தாள். அது சட்டென்று சுருண்டது.

"வாட்ச்சுக்குள்ள இருக்கற மெயின் ஸ்பிரிங் மாதிரியே சுத்திக்கிச்சு பாருங்க."

"கண்டதையும் தொடாத. கீழ போடு."

போட்டாள். ஆள்காட்டி விரலில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காமலே அடுத்ததைப் பார்க்கக் குனிந்தாள். எதையாவது உற்றுப் பார்க்கும்முன் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாட்ச் பார்க்கும் லென்ஸைச் செருகுவதற்காக வலது கண்ணை விரலால் ஒரு தரம் துடைப்பாள். லென்ஸ் கையில் இல்லாவிட்டாலும் துடைப்பாள். துடைத்தாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எரியுதுங்க," என்றாள் மெதுவாக. அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பாட்டில் தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றினேன். இமை வீங்கி மூடிக்கொண்டது. எங்கள் கடைக்கு மூலதனமே அந்த ஒரு கண்தான். இடது கண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல்.

என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இறங்கும் வழியெல்லாம் மரவட்டைகள். ஒதுங்கி நடக்க நேரமில்லை. காலடியில் நொறுக் நொறுக்கென்று நசுங்கின, ஒவ்வொன்றுக்கும் நெடி கூடியது. அந்தப் பூச்சிகளையும் அந்த டாக்டரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வழக்கமாக இப்படிப் பேசினால் அவள் அதட்டுவாள். இன்றைக்கு பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குழாய் இருந்தது. கை விறைக்கும்வரை கழுவிவிட்டேன். இமை ஒரு கீற்று திறந்தது. உள்ளே செக்கச்செவேல்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், ஏறு."

"இருங்க. உங்க வாட்ச்சக் கழட்டிக் குடுங்க."

கொடுத்தேன். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வாட்ச்சை வலது கண்ணுக்கு நேரே பிடித்தாள். இன்னும் கிட்டே கொண்டுபோனாள். வாட்ச்சின் கண்ணாடி இமைமுடியில் இடித்தது.

பிறகு அதைக் காதில் வைத்துப் பார்த்தாள்.